நட்டஈட்டுக்காகக் காத்திருந்து காப்புறுதியை இழக்கும் வன்னித் தொழிலாளர் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளர் அவர்களுக்கும், ஊழியர் நம்பிக்கை நிதியச் சபையின் தலைவர் அவர்களுக்கும்,

வேலைத்தலத்தில் ஏற்பட்ட விபத்தினால் நிரந்தரமாக அங்கவீனமடைந்த தொழிலாளி ஒருவர், தொழில் கொள்வோரிடமிருந்து நட்டஈடு கோருவதற்கும், அதே காயத்திற்காகக் காப்புறுதிப் பணம் கோருவதற்கும் ஒரே நேரத்தில் உரித்துடையவர். இது உங்கள் இரு அலுவலகங்களுக்கும் தெரிந்த விடயம். ஆனால் பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் செட்டிகுளத்திலும் வேலை செய்கின்றவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, ஒன்றைக் கேட்டால் மற்றது இல்லாமற் போய்விடும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையினால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் மற்றதற்கான தவணை கடந்துவிடுகிறது. இந்த மடல் அதைப் பற்றியது.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். படிவம் நிரப்புவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் அயலவர்கள் என்னிடம் வருவது வழக்கம். சட்டத்தரணி அல்லாதபடியால், சட்டத்தின் நுணுக்கங்களை உங்களுக்கு எடுத்துரைக்க நான் முற்படவில்லை. அந்தச் சட்டம் எங்கள் ஊர் வாசற்படிக்கு வந்து சேரும்போது என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உரிமைகளைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த மடலைத் தொழிலாளர்களும் வாசிப்பார்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்தினால் காயமடைந்தவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டியது தொழில் கொள்வோரின் கடமை. அதற்காக முதலாளி கவலையீனமாக இருந்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்த நட்டஈட்டின் உச்சத்தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது; வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் உள்ளடக்கப்பட்டன. ஏ9 வீதியில் இருள் விலகுமுன் மோட்டார் சைக்கிளில் ஆடைத் தொழிற்சாலைக்கு ஓடுகின்ற பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அவர்களில் அதை அறிந்தவர்களை மட்டும் நான் இன்னும் காணவில்லை.

மற்றைய உரிமை வேறு இடத்திலிருந்து வருகிறது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொழில் கொள்வோர் ஒவ்வொரு ஊழியரின் சம்பாத்தியத்திலும் நூற்றுக்கு 3 வீதத்துக்குச் சமமான தொகையை, ஊழியரின் சம்பளத்தில் கைவைக்காமல், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்த வேண்டும். அந்த நிதியத்தில் அங்கத்தவராக இருப்பவருக்கு நிரந்தர முழு இயலாமைக் காப்புறுதியும் ஒரு நலனாக உண்டு. இதைவிட, தன் கைக்காசில் ஆயுட்காப்புறுதி எடுத்து அதனோடு அங்கவீன நலனையும் சேர்த்துக்கொண்டவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். 2009க்குப் பின்னர் காப்புறுதி முகவர்கள் ஏறி இறங்காத ஒழுங்கை வன்னியில் இல்லை. ஆக, ஒன்று முதலாளியின் பொறுப்பிலிருந்து பிறப்பது, இன்னொன்று நிதிய அங்கத்துவத்திலிருந்து பிறப்பது, மற்றொன்று கட்டிய தவணைப் பணத்திலிருந்து பிறப்பது. கையை இழந்தவருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்த தொகையைக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு, அவர் வேறெங்கு எவ்வளவு பெற்றார் என்பது பொருட்டல்ல. மருத்துவச் செலவுப் பற்றுச்சீட்டை இரண்டு இடத்தில் காட்டி இரண்டு முறை பணம் எடுக்க முடியாதுதான். ஆனால் அது செலவை ஈடுசெய்யும் விடயம், அங்கத்தின் இழப்புக்கான தொகையோடு அதைக் குழப்பக்கூடாது.

அப்படியிருக்க, 'இரண்டு இடத்தில் கேட்கக்கூடாது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நான் நினைக்கிறேன், அது சட்டத்திலிருக்கும் உண்மையான ஒரு தடை வாய்வழியாக ஊதிப் பெருத்த வடிவம். ஒரே காயத்துக்காக ஆணையாளரிடம் நட்டஈடும் கோரி, சிவில் நீதிமன்றத்தில் அதே முதலாளிக்கு எதிராக இழப்பீட்டு வழக்கும் நடத்த முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். ஒரே முதலாளியிடம் இரண்டு முறை அறவிடக்கூடாது என்பது நியாயமான ஏற்பாடு. அந்தத் தடை காப்புறுதியைத் தொடவே இல்லை. ஆனால் ஆலை முற்றத்தில் நின்று 'தம்பி, ரெண்டு இடத்தில கேட்டா ரெண்டும் இல்லாமப் போயிடும்' என்று ஒருவர் சொல்லும்போது, எந்த இரண்டு இடம் என்று கேட்கும் நிலையில் கட்டுப்போட்ட கையோடு நிற்பவர் இருப்பதில்லை.

எங்கள் பகுதி அரிசி ஆலையொன்றில் நடந்ததை அதன் பெயரோ அவரது பெயரோ இல்லாமல் எழுதுகிறேன். இயந்திரத்தின் பெல்ட்டில் அகப்பட்டு வலக்கையின் பெருவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் அவர் இழந்தார். பெல்ட்டுக்கு மேலிருந்த இரும்பு மறைப்பு, உமி அடைத்துக்கொள்கிறது என்பதற்காக ஆலைக்காரராலேயே முன்னரே கழற்றப்பட்டுச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. (பாதுகாப்பு மறைப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினால் நட்டஈடு மறுக்கப்படலாம் என்பதை முதலாளிமார் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள், அந்த மறைப்பைப் பற்றிய வாக்குமூலம் விசாரணையில் எப்படி மாறியது என்பது தனிக்கதை.) முதலாளி கெட்டவரல்லர். வாகனம் பிடித்துக் கொடுத்தார், சில மாதங்கள் அரைச் சம்பளமும் கொடுத்தார். சட்டப்படி தற்காலிக இயலாமைக்கு மாதம் இருமுறை கொடுக்கவேண்டிய கொடுப்பனவு அது என்று அவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. இருவரும் அதைத் தருமமாகவே எண்ணினார்கள். அந்தத் தொழிலாளியிடம் அங்கவீன நலனுடன் கூடிய சொந்தக் காப்புறுதி ஒன்றும் இருந்தது, விரல் விரலாகத் தொகை குறித்த அட்டவணையோடு. நட்டஈட்டு விசாரணை முடியட்டும் என்று அந்தப் பத்திரத்தை அவர் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். கடைசியில் கோரிக்கையை அனுப்பியபோது, அறிவித்தல் காலம் கடந்துவிட்டது என்று ஒரு காரணமும், படிவத்திலுள்ள கையொப்பம் ஆரம்ப விண்ணப்பத்திலுள்ள கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்று இன்னொரு காரணமும் எழுதி அது திருப்பி அனுப்பப்பட்டது. ஆரம்ப விண்ணப்பத்திலுள்ளது வலக்கையால் இட்டது. கோரிக்கைப் படிவத்திலுள்ளது இடக்கையால் இட்டது. எந்தக் காயத்துக்காகப் பணம் கேட்டாரோ அந்தக் காயமே அவரது கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகிவிட்டது.

காலம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் உரிமைகள் இழக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். நட்டஈட்டுக் கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முன்வைக்க வேண்டும். அது நீண்ட காலம் போலத் தெரிகிறது. ஆனால் தனியார் காப்புறுதி ஒப்பந்தங்கள் விபத்தைச் சில வாரங்களுக்குள் அல்லது சில மாதங்களுக்குள் அறிவிக்கும்படி கேட்கின்றன. அதேவேளை, இயலாமை பல மாதங்கள் தொடர்ந்து நீடித்த பிறகே அதனை 'நிரந்தரம்' என்று ஏற்கின்றன. ஆகவே அறிவித்தலை உடனே கொடுக்க வேண்டும், கோரிக்கையைப் பின்னர் பூர்த்திசெய்ய வேண்டும். இந்த இரண்டு படிகளையும் ஒன்றென எண்ணுகின்றவர், காயம் ஆறட்டும் என்று இருந்து அறிவித்தலைத் தவறவிடுகிறார். மறுபக்கத்தில், காப்புறுதிப் பணம் வந்த பிறகு நட்டஈட்டைப் பார்க்கலாம் என்று இருப்பவர், கடிதப் போக்குவரத்திலேயே இரண்டாண்டைக் கழித்துவிடுகிறார். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையாளர் அதை மன்னிக்கலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது; 'மற்றது முடியும்வரை காத்திருந்தேன்' என்பது தக்க காரணமாக ஏற்கப்படுமா என்ற கேள்வியோடு ஒருவர் கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்கு வரும் நிலை ஏற்படக்கூடாது.

அடுத்தது மருத்துவச் சான்று. ஒரே காயத்தை உங்கள் இரண்டு அலுவலகங்களும் இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கின்றன, அது இயல்பானதே. கட்டளைச் சட்டம் சம்பாதிக்கும் ஆற்றல் எத்தனை வீதம் குறைந்தது என்று பார்க்கிறது. அட்டவணையில் இன்ன அங்கத்துக்கு இன்ன வீதம் என்று எழுதப்பட்டிருக்கிறது. நம்பிக்கை நிதியத்தின் காப்புறுதி, அவரால் இனி வேலை செய்யவே இயலாதா என்று பார்க்கிறது. ஊழியர் சேமலாப நிதியும், வயது வருமுன் பணத்தை மீளப்பெற அனுமதிக்கும் காரணங்களுள் ஒன்றாக நிரந்தர முழு இயலாமையை வைத்திருக்கிறது. மேசனாக வேலை செய்தவர் சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டிருந்தால், வைத்தியர் தன் அறிக்கையில் 'நூற்றுக்கு 60 வீத இயலாமை' என்று மட்டும் எழுதிவிடுகிறார். அந்தக் கடதாசி நட்டஈட்டு விசாரணைக்குப் போதுமானது. அதே கடதாசியின் பிரதியை நம்பிக்கை நிதியத்துக்கு அனுப்பினால், '60 வீதம்தானே, முழு இயலாமை இல்லையே' என்ற பதில் வரும். அந்த மனிதரால் இனிச் சாரமேறவும் முடியாது, சீமெந்துப் பை தூக்கவும் முடியாது, ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இருக்கவும் முடியாது. எழுதப் படிக்கும் வேலை அவருக்குத் தெரியாது. அதை எவரும் வைத்தியரிடம் கேட்கவில்லை, ஆகவே வைத்தியர் எழுதவில்லை. பொய்யாக எதையும் கூட்டி எழுதும்படி நான் கேட்கவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பரிசோதனையில் நேர்மையாகப் பதில் எழுதக்கூடிய ஒரு பொதுப் படிவம் இருந்தால், ஓர் இடத்தில் சொன்னது இன்னோர் இடத்தில் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பாது.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. போரில் ஒரு காலையோ கண்ணையோ ஏற்கெனவே இழந்தவர்கள் இங்கே ஆலைகளிலும் கல் உடைக்கும் இடங்களிலும் தையல் மேசைகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் வேலையில் மீண்டும் காயப்படும்போது, 'இவர் முதலே அங்கவீனர்' என்ற வசனம் உடனே வந்துவிடும். ஆனால் கட்டளைச் சட்டம் முழு இயலாமையை வரையறுக்கும்போது, விபத்து நடந்த வேளையில் அவர் செய்யக்கூடியவராக இருந்த வேலைகளையே அளவாகக் கொள்கிறது. பொய்க்காலோடு முழுநாள் வேலை செய்து முழுச் சம்பளம் பெற்றவர், அந்த வேலையைச் செய்த கையை இழந்தால், இழந்தது முழுவதுமே இந்த விபத்தின் கணக்கு. 2009க்கு முந்திய காயத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது சட்டத்தின் சொற்களுக்கு ஒத்துவராது என்பதே என் தாழ்மையான கருத்து. காப்புறுதியில் நிலை கடினமானது: ஒரு கண் ஏற்கெனவே இல்லாதவர் மற்றக் கண்ணையும் இழந்தால் உலகம் அவரைக் குருடர் என்கிறது, ஒப்பந்தமோ ஒரு கண்ணுக்கான தொகையை மட்டும் எண்ணுகிறது. தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தத்தை உங்களால் மாற்ற முடியாது என்பது தெரியும். ஆனால் நம்பிக்கை நிதியச் சபையின் காப்புறுதி பொதுச் சட்டத்தின் கீழ் நடப்பது. முன்னைய போர்க்காயம் அந்த நலனைப் பாதிக்காது என்று சபை எழுத்தில் அறிவித்தால், பலர் தங்கள் பழைய காயத்தை மறைக்கும் தேவை இல்லாமற் போகும்.

முதலாளி எடுத்த காப்புறுதி வேறு, தொழிலாளியின் காப்புறுதி வேறு என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் நட்டஈட்டுப் பொறுப்பைச் சமாளிக்கக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கின்றன. அதிலிருந்து வரும் பணம் முதலாளியின் கடனைத் தீர்க்கும் பணம். அதைக் கொடுத்துவிட்டு, 'காப்புறுதி கிடைத்துவிட்டது, இனி ஒரு கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையொப்பம் வாங்குகிறார்கள். சட்டம் கொடுத்த நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கைக்குச் செல்லுபடி இல்லை. ஆனாலும் கையொப்பமிட்டவர் வெட்கத்தினாலும் பயத்தினாலும் அதன்பிறகு எங்கும் போவதில்லை. இதைவிட மோசமானது விலகல் கடிதம். வைத்தியசாலையிலிருந்து வந்த கையோடு, 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு வரி, சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் போகும் பதிவுகளில், இயலாமையால் வேலையை இழந்தவரைத் தானாக விலகியவராக மாற்றிவிடுகிறது.

நம்பிக்கை நிதியம் நாளாந்தக் கூலிக்கும் தற்காலிக ஊழியருக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பொருந்தும். இருந்தும், ஒப்பந்தக்காரருக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். பங்களிப்பைச் செலுத்தாதது முதலாளியின் குற்றம். அதன் தண்டனையை அனுபவிப்பது காப்புறுதி கிடைக்காத தொழிலாளி. விபத்தொன்று அறிவிக்கப்பட்டு விசாரணைக்குத் தொழில் அலுவலர் போகும்போது, காயத்தைப் பற்றிக் கேட்கும் அதே நாளில் பங்களிப்புப் பதிவேட்டையும் பார்க்கலாம். செலுத்தப்படாத தொகை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடப்படும்போது, அந்தத் தொழிலாளியை விபத்து நாளில் அங்கத்தவராக இருந்தவராகவே கொண்டு காப்புறுதி நலனை வழங்கும் வழியைச் சபை காண வேண்டும். ஒப்பந்தக்காரர் காணாமற் போனாலும், வேலையைக் கொடுத்த பிரதான நிறுவனத்திடம் நட்டஈடு கேட்கலாம் என்பதையும் எவராவது இந்த மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விட முடியாது. முகமாலையிலும் முல்லைத்தீவுக் காடுகளிலும் அந்த வேலையைச் செய்தவர்களில் கணவனை இழந்த பெண்கள் பலர். அந்த நிறுவனங்கள் பொதுவாகக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கின்றன, அது பாராட்டத்தக்கது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் முதலாம் திகதிக்குள் நிலங்கள் துப்பரவாக்கப்பட வேண்டும். வேலை முடிந்ததும் நிறுவனம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும், குழுக் காப்புறுதியும் அத்துடன் முடியும். அதற்கு முன் காயப்பட்டு இன்னும் எதையும் கோராதவர்களைத் தேடிப் பதிவு செய்ய, இப்போதிருந்தே ஒரு ஏற்பாடு வேண்டும்.

ஆகவே உங்கள் இருவரிடமும் நான் கேட்பது பெரிய சட்டத்திருத்தம் எதுவுமல்ல. நட்டஈட்டு விண்ணப்பத்தின் முதற் பக்கத்திலும், நம்பிக்கை நிதிய இயலாமை விண்ணப்பத்தின் முதற் பக்கத்திலும், மற்றைய கோரிக்கையையும் இப்போதே முன்வைக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது என்று இரண்டு வரிகள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். ஒருவர் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால் அதன் பிரதி மற்றைய அலுவலகத்துக்குப் போகட்டும். மேலே சொன்ன பொது மருத்துவப் படிவத்தைச் சுகாதார அமைச்சோடு பேசித் தயாரியுங்கள். கையை இழந்தவரின் புதிய கையொப்பத்தையோ இடக்கைப் பெருவிரல் அடையாளத்தையோ சமாதான நீதவான் அல்லது கிராம அலுவலர் உறுதிப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளும்படி, காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவின் ஊடாகத் தனியார் நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தல் போக வழிசெய்யுங்கள். வன்னியில் நடந்த விபத்துகளின் விசாரணைத் தவணைகளை, இயன்றவரை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வையுங்கள். முள்ளந்தண்டு உடைந்தவரால் இரவு முழுதும் பஸ்ஸில் இருக்க முடியாது.

இவற்றில் எது இயலும், எது இயலாது, இயலாதென்றால் எந்தச் சட்டப்பிரிவு தடுக்கிறது என்பதைத் தமிழில் எழுத்துமூலம் அறியத் தாருங்கள். அந்தப் பதிலின் பிரதியைப் பிரதேச செயலகங்களின் அறிவித்தற் பலகைகளில் ஒட்டுவதற்கும், ஆலை வாசல்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவன்,
கிளிநொச்சி.